50 தூண், ஒரு முகம், ஒரு போஸ்ட்கார்டு

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் பழைய சாலையில், ஹோவிக் ஊருக்கு அருகே 50 இரும்புத் தூண்கள் நிற்கின்றன. லேசரில் வெட்டி, கறுப்பு வண்ணம் அடித்தவை. ஒவ்வொன்றும் ஆறரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை உயரம். கிட்டே போய்ப் பார்த்தால், யாரோ வேலி போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். நடைபாதையில் 35 மீட்டர் தள்ளி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் மட்டும் அத்தனை தூணும் கூடி நெல்சன் மண்டேலாவின் முகமாகிவிடும். இடப்பக்கம் இரண்டடி நகருங்கள், முகம் போய்விடும்.

மார்கோ சியான்ஃபனெல்லி செய்த இந்தச் சிற்பத்தை 2012 ஆகஸ்ட் 4 அன்று திறந்துவைத்தார்கள். இதன் பெயர் 'விடுவிப்பு'. இதன் படம் போட்ட போஸ்ட்கார்டு எதை எடுத்தாலும் அந்த முகம்தான் இருக்கும். அதில் தப்பில்லை. வெறும் கம்பியைப் படம்பிடித்துக் கொடுத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆனால் கார்டை மட்டும் பார்த்தவருக்கு, இது ஒரே தகட்டில் வெட்டிய தட்டையான உருவம் என்றுதான் தோன்றும். முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் நடுவே ஏறக்குறைய 21 மீட்டர் இடைவெளி இருப்பது தெரியாது. நெருங்க நெருங்க முகம் கலைந்து, நாம் கம்பிகளுக்கு நடுவே நிற்கும் அந்த நிமிஷம் தெரியவே தெரியாது. சிற்பியின் வேலையில் பாதி அந்தக் கலைதலில் இருக்கிறது.

நவீன சிற்பிகளின் படைப்பைக் கலை அஞ்சலட்டையாகப் போடும்போதெல்லாம் வருகிற சிக்கல் இது. ஓவியத்துக்கு முன்பக்கம் ஒன்றுதான், நேராக நின்று எடுத்தால் வேலை முடிந்தது. சிற்பத்தைச் சுற்றி வரலாம். எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். சிற்பியே செய்யலாம், புகைப்படக்காரர் செய்யலாம், சில நேரம் அச்சகத்தில் கட்டிங் மெஷின் முன்னால் நிற்பவர் ஓரத்தை வெட்டும்போது அவரும் ஒரு முடிவு செய்துவிடுகிறார். நேரில் போகாத அத்தனை பேருக்கும் அப்படித் தேர்ந்த பக்கம்தான் சிற்பம் என்றாகிறது. கார்டைச் சிற்பத்தின் நகல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அது இன்னொருவர் செய்த தேர்வு.

ஹோவிக்கை நான் எடுத்துக்கொள்வதற்கு வேறு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம் கதையோடு அது ஒட்டியிருக்கிறது. 1962இல் ஆப்பிரிக்க நாடுகளிலும் லண்டனிலும் ஆதரவு திரட்டிவிட்டு ரகசியமாகத் திரும்பிய மண்டேலா, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் லுத்துலியைப் பார்த்துப் பேச, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துக்கு வந்தார். திரும்புவதற்கு முந்தின இரவு டர்பனில் ஜி. ஆர். நாயுடுவின் வீட்டில் ஒரு சிறு விருந்து. இஸ்மாயில் மீர், ஃபாத்திமா மீர், மான்டி நாயக்கர் என்று பழைய தோழர்கள் வந்திருந்தார்கள். மறுநாள் ஆகஸ்ட் 5, செசில் வில்லியம்ஸின் காரில் ஓட்டுநர் வேடத்தில், டேவிட் மொட்சமாயி என்ற பெயரில் கிளம்பியவரைத்தான் ஹோவிக் அருகே போலீஸ் மறித்துக் கைது செய்தது. விருந்து கொடுத்த நாயுடு 'டிரம்' பத்திரிகையின் புகைப்படக்காரர். அரை நூற்றாண்டு கழித்து அதே சாலையோரத்தில் எழுந்தது, கேமரா நிற்க வேண்டிய இடத்தைத் தானே குறித்துவைத்திருக்கும் ஒரு சிற்பம்.

சிற்பத்தைப் படத்தில் பார்ப்பதைப் பற்றிப் பேசினால், தமிழர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது. நவீன சிற்பத்தின் தொடக்கம் என்று சொல்லப்படும் ஓகுஸ்த் ரோதான், 1913 வாக்கில் நடராஜர் செப்புத்திருமேனியைப் பற்றி உருகி எழுதினார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர்தான் அது. ரோதான் சென்னைக்கு வந்ததே இல்லை. விக்டர் கோலூபேவ் என்ற கலை ஆய்வாளர் தருவித்துக் கொடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டுதான் எழுதினார். எழுதியது அச்சில் வந்தது 1921இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து.

ஒரு படத்தை வைத்துக்கொண்டு அவரால் அப்படி எழுதியிருக்க முடியாது. கோலூபேவ் கொடுத்தது ஒரு கட்டுப் படங்கள்: முழு உருவம், பக்கவாட்டு, கிட்டத்தில் எடுத்த உறுப்புகள். ரோதான் இடுப்பைப் பார்த்து ஒரு பத்தி, கால்களைப் பார்த்து ஒரு பத்தி என்று நகர்கிறார். இன்று நாம் வாங்கும் நடராஜர் கார்டில் திருவாசியோடு முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தரிசனத்துக்கு முன்பக்கம்தானே என்று கேட்கலாம், சரி. ஆனால் விக்கிரகத்தை வார்த்த ஸ்தபதி முதுகையும் விட்டுவைக்கவில்லை. ஜடையின் பின்புறம் எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோதான் தன் சிற்பங்களின் படங்களிலும் கண்ணாக இருந்தவர். அவர் பட்டறையில் யூஜீன் துருவே பல வருடம் படமெடுத்தார், பிறகு பியூலோஸ் எடுத்து விற்பனையும் செய்தார். 1908இல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற புகைப்படக்காரர் மூதோன் ஊரில், ரோதான் செய்த எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை நிலா வெளிச்சத்தில் எடுத்தார். பத்து வருடத்துக்கு முன்னால், செய்யச் சொன்னவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய சிலை அது. வெண்கலமாகப் பாரிஸ் தெருவில் ஏறியது 1939இல். இடைப்பட்ட 31 வருடமும் வெளியுலகம் பார்த்த பால்சாக் பெரும்பாலும் ஸ்டைக்கனுடைய பால்சாக்தான்.

பாரிஸில் வேலை செய்த ருமேனியச் சிற்பி பிரான்குஸி வேறு மாதிரி. பிறர் எடுத்த படம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் கற்றுக்கொண்டு, பட்டறையிலேயே ஓர் இருட்டறை போட்டு, தானே எடுத்தார். பளபளப்பாகத் தேய்த்த வெண்கலத்தில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், உருவத்தின் விளிம்பே கரைந்துபோகும். தொழில்முறைப் புகைப்படக்காரர் கிழித்துப் போடும் படம். அவர் அதைத்தான் வைத்துக்கொண்டார். இன்று அவருடைய பறவைச் சிற்பங்களின் படங்களைப் பார்க்கும்போது, சிற்பியே கையைப் பிடித்து இங்கே நில் என்று சொல்வது தெரிகிறது. கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் வொல்ஃப்லின் 1896, 97இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பழஞ்சிற்பத்துக்கு என்று ஒரு முதன்மைப் பார்வை உண்டு, அழகுக்காகக் கோணத்தை மாற்றுகிற புகைப்படக்காரர் சிற்பியின் எண்ணத்தையே கெடுத்துவிடுகிறார் என்பது அவர் கட்சி. நவீன சிற்பம் சுற்றி நடக்கச் சொல்லும்போது அந்தக் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஹோவிக் சிற்பம் அவருக்குப் பிடித்திருக்கும், அந்த 35 மீட்டர் இடத்தில் நிற்கும்வரை.

அச்சுக்கு வருவோம். டர்பன் கிரே தெருப் பக்கம், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, நம்மவர்கள் நிறையப் பேர் அச்சகம் வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை பில் புத்தகம் எல்லாம் அங்கேதான். அப்படி ஒன்றில் காலம் முழுக்க ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஓட்டிய என் மாமாவிடம் இரண்டு கார்டைக் காட்டினேன். ஒன்றில் வெண்கலச் சிலை, இன்னொன்றில் ஹோவிக் தூண்கள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, லென்ஸை கார்டின் ஓரத்தில் வைத்தார்.

"இந்தச் சிலைக்குக் கறுப்பு மட்டும் அடிச்சா சாம்பலாத் தெரியும் தம்பி. அடியிலே கொஞ்சம் நீலம் போட்டு மேலே கறுப்பு அடிக்கணும். அப்பத்தான் கனம் வரும். இவன் போட்டிருக்கான்."

"தூணுக்கும் அப்படித்தானே மாமா?"

"அங்கேதான் மாட்டிக்கிட்டான் பாரு. இத்தனை மெல்லிசுக் கோட்டுக்கு நாலு கலரையும் ஏத்தினா, ஒண்ணு மேலே ஒண்ணு சரியா உட்காரணும், அந்த ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை தள்ளினாப் போதும், ஓரத்திலே நீலம் எட்டிப் பார்க்கும். கம்பிக்கு வெறும் கறுப்புதான் சரி."

லென்ஸில் பார்த்தேன். மண்டேலாவின் நெற்றிப் பக்கத்துத் தூண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலக் கோடு கூடவே போகிறது. வெறும் கண்ணுக்கு அது ஏதோ மங்கலாகத் தெரியுமே தவிர, காரணம் பிடிபடாது.

ஆஃப்செட்டில் படம் புள்ளிகளாக உடைந்துதான் தாளில் ஏறும். வெண்கலத்தில் நிழலும் ஒளியும் மெதுவாக ஒன்றில் ஒன்று கலக்கும் இடங்களில்தான் சிற்பியின் கைப்பதிவு இருக்கும், புள்ளி முதலில் தின்பதும் அதைத்தான். அதனால் நல்ல பதிப்பாளர்கள் சிற்பத்தைக் கறுப்பு வெள்ளையாக எடுத்து, கறுப்போடு ஒரு சாம்பல் அல்லது பழுப்பு மையைச் சேர்த்து இரண்டு பிளேட்டில் அடிப்பார்கள். வண்ணம் குறைந்தாலும் உருவத்தின் திரட்சி தெரியும். பளபளப்பு லேமினேஷன் போட்டால் கடையில் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் சிலையில் இல்லாத ஒரு மினுக்கம் கார்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பளபளப்பில்லாத மேட் போட்ட கார்டுதான் என் கட்சி. வெளிச்சத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். டர்பன் நடுப்பகல் வெயிலில் எடுத்த சிலைக்குக் கண்குழி இரண்டும் கறுப்பு ஓட்டைகளாகிவிடும். மேகம் மூடிய காலையில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஹோவிக்கில் சிக்கல் வேறு: 21 மீட்டர் ஆழமும் கூர்மையாக விழ வேண்டும் என்றால் லென்ஸின் வாயைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் குறையும், மங்கலான நேரத்தில் முக்காலி வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும், அச்சடித்து விற்க உரிமை இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. தெருவில் நிற்கிற சிலைதானே, யார் கேட்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தெருவிலோ சதுக்கத்திலோ நிரந்தரமாக நிற்கும் கலைப்படைப்பைத் திரைப்படத்திலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் காட்டலாம், அதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில் நிழற்படம் வரவில்லை. ஆக, அதே சிலையைச் சினிமாக்காரர் கேட்காமல் எடுக்கலாம். கார்டு போடுகிறவர் சிற்பியிடம் கேட்க வேண்டும். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உரிமை சிற்பியின் ஆயுளுக்கும், அவர் இறந்த வருட முடிவிலிருந்து இன்னும் 50 வருடத்துக்கும் உண்டு. பிரிட்டோரியா தேவாலயச் சதுக்கத்தில் நிற்கும், டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் குடியரசுத் தலைவராக இருந்த குரூகரின் சிலையைச் செய்த அன்டன் வான் வோ 1945இல் காலமானார், உரிமை 1995ஓடு முடிந்தது. ஜோஹன்னஸ்பர்க்கின் பாலி (Polly) தெருக் கலை மையத்திலிருந்து எழுந்த சிட்னி குமாலோ 1988இல் போனார், 2038 முடியும்வரை அவர் வாரிசுகளைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்க்கைதியாக இங்கே வந்து, இரும்பை வளைத்து ஒட்டி இந்நாட்டுச் சிற்பத்தின் போக்கையே மாற்றிய எதுவார்தோ வில்லா இறந்தது 2011இல். அவர் சிற்பங்களை 2062 பிறக்கும் முன் கேட்காமல் அச்சிட முடியாது. டால்ரோ என்ற அமைப்பு ஓவியர்கள், சிற்பிகள் பலருக்காக இந்த அனுமதியைக் கொடுத்துக் கட்டணம் வாங்கித் தருகிறது. சிற்பியைத் தேடி அலைவதைவிட முதலில் அங்கே கேட்பது சுலபம்.

இதற்கு மேல் புகைப்படத்துக்குத் தனி உரிமை. வான் வோவின் சிலைக்கு உரிமை தீர்ந்துவிட்டது என்பதற்காக, அதை நேற்று ஒருவர் எடுத்த படத்தை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். நம் சங்க மலர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, கொடுக்கும் சங்கங்களும்தான்.

பிற நாடுகளிலும் இதே இழுபறிதான். பிரான்ஸில் லியோன் நகரத்தின் தெரோ சதுக்கத்தைப் புதுப்பித்த தானியேல் பியூரனும் கிறிஸ்தியான் திரவேயும், தங்கள் படைப்பைக் கார்டாகப் போட்ட பதிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கார்டின் பொருள் சதுக்கம் முழுவதும், அந்தப் படைப்பு அதில் கலந்துபோய் நிற்கிறது என்பது காரணம். சிற்பம் தனித்துத் தெரிந்திருந்தால் கதை மாறியிருக்கும். அமெரிக்காவில் நேர்மாறு. கொரியப் போர் நினைவிடத்தின் சிப்பாய்ச் சிலைகளை, பனி மூடிய நேரத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்து 37 சென்ட் தபால்தலை போட்டார்கள். படமெடுத்தவருக்குப் பணம் போனது, சிற்பி ஃபிராங்க் கெய்லார்டைக் கேட்கவில்லை. அவர் வழக்கை விடவில்லை. 2013இல் அவருக்கு 6,84,844 டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

பணத்துக்காக மட்டும் சிற்பிகள் மறுக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கேப் டவுன் தேசியக் கலைக்கூடத்தில் ஜேன் அலெக்சாண்டரின் மூன்று உருவங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. மனித உடல், கொம்பு முளைத்த தலை, வாய் இல்லை. 1985, 86இல், நிறவெறி ஆட்சியின் அவசரநிலைக் காலத்தில் செய்தது. 2012இல் ஓர் இசைக்குழு அந்த உருவத்தை ஒத்த ஒன்றைத் தன் வீடியோவில் காட்டியபோது அவர் ஆட்சேபித்தார், வீடியோ இறக்கப்பட்டது. அந்த உருவங்களை அவற்றின் காலத்திலிருந்து பிரித்தால் அவை வெறும் பேய்ப்படமாகிவிடும். கார்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டால் கார்டுக்கு மிச்சம் இருப்பது பின்பக்கத்து இரண்டு வரிதான்.

சிலை இடம் மாறினாலும் கார்டு மாறுவதில்லை, அது ஒரு வசதி. குரூகர் சிலை 1913இல் பிரிட்டோரியாவின் பிரின்ஸ் பூங்காவில் இருந்தது, 1925இல் ரயில் நிலையத்துக்கு முன்னால் போனது, 1954இல்தான் இப்போதைய சதுக்கத்துக்கு வந்தது. அடிப்பீடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டிய நான்கு போயர் வீரர்களின் சிலைகளைப் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் இங்கிலாந்துக்கு எடுத்துப் போயிருந்தார், 1921இல்தான் அவை திரும்பி வந்தன. ஆக, பழைய கார்டில் சிலைக்குப் பின்னால் தெரியும் கட்டடத்தை வைத்தே அதன் காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த, காலனி ஆட்சிக்கால அரசியல்வாதி ரோட்ஸின் சிலையை 2015 ஏப்ரலில் கிரேனில் தூக்கிப் போனார்கள், அதைச் செய்த மரியன் வால்கேட்டின் வேலையை அந்தப் படிக்கட்டுகளோடு பார்க்க இனிப் பழைய படங்கள்தான்.

டர்பனிலும் ஒன்று உண்டு. 2010 உலகக் கோப்பையை ஒட்டி, கல்லும் இரும்புமாக ஆண்ட்ரிஸ் போத்தா செய்துகொண்டிருந்த மூன்று யானைகளை நகராட்சியே பாதியில் நிறுத்தியது. மூன்று யானை என்றால், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸுக்குப் போட்டியான இன்காத்தா கட்சியின் சின்னமாயிற்றே என்று ஆட்சேபம். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அவை நின்ற வார்விக் பகுதியில்தான் நம் தோட்டக்காரக் குடும்பங்கள் கீரையும் கொத்தமல்லியும் கொண்டுவந்து விற்ற அதிகாலைச் சந்தையும் இருக்கிறது. பாதி முடிந்த அந்த யானைகளை யாராவது கார்டாகப் போட்டிருந்தால், இன்று அது எந்த முடிந்த சிற்பத்தின் கார்டையும்விடப் பயனுள்ள ஆவணமாக இருந்திருக்கும்.

இப்போது யாரும் கார்டைத் தபாலில் போடுவதில்லை என்பது உண்மைதான். 2023இல் தென்னாப்பிரிக்கத் தபால் துறையே, நொடித்த நிறுவனங்களைக் காப்பாற்றும் வணிக மீட்பு நடவடிக்கைக்குப் போய்விட்டது. கார்டு புத்தகத்துக்குள் அடையாளமாகவும் ஃபிரிட்ஜ் கதவிலும் வாழ்கிறது. பின்பக்கத்து எழுத்து அதனால்தான் இன்னும் முக்கியம், அனுப்பியவர் எழுதாத இடத்தில் அச்சிட்டவர் எழுதியது மட்டுமே மிஞ்சும்.

1900களின் தொடக்கத்தில் நேட்டாலில் அச்சான கார்டுகளில் மூக்குத்தியும் கைநிறைய வளையலுமாக நம் பெண்கள் நிற்கிறார்கள். கீழே 'கூலிப் பெண், நேட்டால்' என்று ஒரு வரி. பெயரோ ஊரோ கிடையாது. அதை ஒட்டிய காலத்தில்தான் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்தில் கிஸ்டப்பா ரெட்டி விநாயகர் கோயிலைக் கட்டினார். அவரும் கொத்தனார் ராமசாமிப் பிள்ளை போன்றவர்களும்தான் இந்த மண்ணில் தொடக்க காலத்தில் கோபுரமும் சுதைச் சிற்பமும் எழுப்பியவர்கள். குமாலோவின் கார்டிலும் வில்லாவின் கார்டிலும் சிற்பி பெயர், வருடம், பொருள், அளவு, படமெடுத்தவர் என்று ஐந்தும் வரிசையாக இருக்கின்றன. நம் கோயில் விழா மலர்களிலும் காலண்டர்களிலும் கோபுரத்தின் படத்துக்குக் கீழே காப்பாளர், உபயதாரர், தலைவர் பெயர் இருக்கும். கட்டிய ஸ்தபதி பெயரைத் தேட வேண்டும். அடுத்த திருவிழாவுக்குக் கோயில் படத்தைக் கார்டாகப் போட நினைக்கும் கமிட்டிக்காரர்கள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கச் சுவர் ஒன்று, கிட்டத்தில் ஒரு சுதை உருவம் என்று மூன்று கார்டாகப் போடட்டும். பின்னால் கோயிலைக் கட்டிய ஸ்தபதியின் பெயரையும் படமெடுத்த பிள்ளையின் பெயரையும் போடட்டும். உபயதாரர் பெயரை உறையில் போட்டுக்கொள்ளலாம்.